வீனர்மொபைல்: ஊர் ஊராக ஓடும் வேலைக்கு ஒரு வருடக் கெடு

விளம்பர வேலைக்காக ஊர் சுற்றுகிறவர்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் அடிபடும். "சம்பளத்தையும் கொடுத்து ஊரையும் சுற்றிக் காட்டுறாங்க, அப்புறம் என்ன?" என்பது ஒன்று. "பெட்டியும் கையுமா அலையுற பொழப்பு" என்பது மற்றொன்று. இரண்டிலும் எவ்வளவு உண்மை என்று எடை போட எனக்குத் தெரிந்து அமெரிக்காவின் வீனர்மொபைலை மிஞ்சிய உதாரணம் இல்லை. இந்த வகை வேலைகளில் பெரும்பாலானவை ஒரு சீசனோடு முடிந்துபோகும். அதைப் பார்த்தவர்களுக்கும் நினைவிருக்காது. இந்த வண்டி மட்டும் 1936இல் கிளம்பியது, நடுவே சில காலம் நின்றாலும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளம் 27 அடி. உயரம் ஏறத்தாழ 11 அடி. பன்னுக்குள் படுத்திருக்கும் மாபெரும் சாசேஜ் வடிவம். ஹாட் டாக்குக்குள் வைக்கும் சாசேஜுக்கு அங்கே வீனர் என்று பெயர், வண்டியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். உள்ளே ஆறு இருக்கைகள், தரை முழுக்கக் கடுகுச் சாந்தும் கெச்சப்பும் சிந்தியதுபோல் போட்ட விரிப்பு, கூரையில் தீட்டிய நீல வானம். ஹாரனை அழுத்தினால் கம்பெனியின் விளம்பரப் பாட்டு ஒலிக்கும். ஆஸ்கர் மேயர் என்ற இறைச்சி பிராண்டின் வண்டி இது, இப்போதைய உரிமையாளர் கிராஃப்ட் ஹைன்ஸ். இப்படி ஆறு வண்டிகள் அமெரிக்கா முழுக்கச் சுற்றுகின்றன. வண்டிக்கு இருவர் என ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர், எல்லோரும் அப்போதுதான் பட்டம் முடித்தவர்கள். அவர்களுக்கு ஹாட்டாகர் என்று பட்டப்பெயர். ஒப்பந்தம் ஒரே ஒரு ஆண்டு. ஜூனில் சேர்ந்தால் அடுத்த ஜூனில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

அந்த ஒரு ஆண்டுக் கெடுதான் இந்த வேலையின் அச்சாணி என்பது என் கணிப்பு. வண்டியின் வடிவத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. கெடுவைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

முதல் வண்டியும் குட்டிச் சமையல்காரரும்

ஆஸ்கர் மேயர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்து சிகாகோவில் இறைச்சிக் கடை வைத்தவர், அது 1883. அவருடைய உறவினர் கார்ல் மேயருக்குத்தான் 1936இல் இந்த யோசனை தோன்றியது. சிகாகோவில் இருந்த ஜெனரல் பாடி கம்பெனி 13 அடி நீளத்தில் தகர வண்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. செலவு 5,000 டாலர் என்பார்கள். பொருளாதார மந்தம் இன்னும் முழுதாக விலகாத காலம், அந்த நேரத்தில் இது சின்னக் காசில்லை.

வண்டியைப் பார்க்கக் கூட்டம் கூடும், ஆனால் கூடியவர்களோடு பேச ஆள் வேண்டுமே. அதற்காக உருவானதுதான் 'லிட்டில் ஆஸ்கர்', உலகின் மிகக் குட்டிச் சமையல்காரர் என்ற பாத்திரம். உயரம் குறைந்த மனிதர்கள் சிலர் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வட்டாரங்களில் இந்த வேடத்தில் சமையல்காரர் தொப்பியோடு ஊர் ஊராகப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் மைன்ஹார்ட் ராபே. விஸ்கான்சினில் பிறந்தவர், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தவர். படிப்புக்கேற்ற வேலை எளிதில் கிடைக்கவில்லை, காரணம் அவருடைய உயரம். ஆஸ்கர் மேயர் எடுத்துக்கொண்டது. 1939இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ஒரு ஹாலிவுட் படத்தில் மரண விசாரணை அதிகாரியாக ஒரு காட்சியில் வந்து போனார். படத்தை முடித்துக்கொண்டு திரும்பியவர் லிட்டில் ஆஸ்கராக ஏறத்தாழ 30 ஆண்டுகள் சாலையில் கழித்தார். இரண்டாம் உலகப் போரின்போது சிவில் ஏர் பேட்ரோல் என்ற தன்னார்வ விமானிகள் அமைப்பில் விமானமும் ஓட்டியவர். பின்னாளில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ.வும் முடித்தார். 2010இல் 94 வயதில் இறந்தார்.

இவ்வளவு தகுதியுள்ள ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குச் சாசேஜ் வடிவ விசில் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, அந்தக் கால அமெரிக்காவில் மற்றக் கதவுகள் சாத்தியிருந்தபோது இந்தக் கதவாவது திறந்ததே என்று எடுத்துக்கொள்வதா? இரண்டும் கலந்ததுதான் நடந்தது. கம்பெனி அவருக்குச் சோறு போட்டது. அவருடைய உயரத்தை முதலாக்கிக்கொண்டதும் அதே கம்பெனிதான்.

ஜார்ஜ் மோல்ச்சனும் அப்படித்தான். 1951இல் லிட்டில் ஆஸ்கராகச் சேர்ந்தவர் 1987 வரை அந்த வேடத்திலேயே இருந்தார், பிற்பகுதியில் ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இருந்த ஆஸ்கர் மேயர் உணவகத்தில். 2005இல் இண்டியானாவில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தபோது வீனர்மொபைல் ஒன்று அங்கே வந்து நின்றது. வந்திருந்தவர்கள் கம்பெனியின் பாட்டைப் பாடி, அந்த விசிலையும் ஊதி வழியனுப்பினார்கள். துக்க வீட்டில் விளம்பரப் பாட்டா என்று முகம் சுளிக்கலாம். 36 ஆண்டுகள் ஒரு மனிதர் அதுவாகவே வாழ்ந்துவிட்டால், ஊருக்கு அவரைத் தெரிந்ததே அந்தப் பாட்டின் வழியாகத்தான் என்றால், வேறு எதைப் பாடுவார்கள்?

மேற்கொண்டு போகும்முன் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். 1958 மாடலை வடிவமைத்தவர் மிலுவாக்கியைச் சேர்ந்த ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். சாசேஜை முதன்முதலில் பன்னுக்குள் வைத்தது அவர்தான். ஒரு பொருள் பழுதாகும் முன்பே வாங்கியவருக்குப் புதியது வேண்டும் என்ற ஆசையைக் கிளப்பிவிட வேண்டும் என்ற கொள்கையை 1950களில் பிரபலப்படுத்தியவரும் அவரே. வண்டி விஷயத்தில் அந்தக் கொள்கை பெரிதாகப் பலிக்கவில்லை. பழைய வீனர்மொபைல்களையும் விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், 1952 வண்டி மிஷிகனின் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தக் கொள்கை பின்னாளில் பலித்தது ஆட்கள் விஷயத்தில்.

நின்றதும் மறுபடி கிளம்பியதும்

டிவி வந்த பிறகு ஊர் ஊராக ஆளனுப்புவது வீண் செலவாகத் தெரிந்தது. 1977இல் சுற்றுப்பயணம் நின்றது. கணக்கு எளிதுதான். வண்டி ஓர் ஊரில் ஒரு நாளில் சந்திக்கும் கூட்டத்தைவிடப் பல மடங்கு பேர் அரை நிமிட விளம்பரத்தைப் பார்த்துவிடுவார்கள்.

1986இல் வண்டிக்கு 50 வயது. கொண்டாட்டத்துக்காக வெளியே எடுத்தபோதுதான் ஜனங்கள் அதை மறக்கவில்லை என்று தெரிந்தது. 1988இல் புதிதாக ஆறு வண்டிகள் வந்தன, ஹாட்டாகர் திட்டமும் அப்போதே தொடங்கியது. வண்டி பழையதை நினைவூட்டியது, வேலை ஏற்பாடோ முற்றிலும் புதிது. ஆயுள் முழுக்க ஒரே வேடத்தில் இருந்தவரின் இடத்தில், கல்லூரியிலிருந்து நேராக வந்து ஓராண்டில் போய்விடுகிற இளைஞர்கள்.

இந்த மாற்றத்தைக் கஞ்சத்தனம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 22 வயதுக்காரருக்கு எல்லாமே புதுசு. நாற்பதாவது ஊரிலும் முதல் ஊரின் சிரிப்பைக் கொண்டுவர முடியும். எட்டு ஆண்டு ஓட்டியவரால் அது முடியாது, முடிந்தாலும் நடிப்பு தெரிந்துவிடும். பிரமோஷன் வேலையில் முதலில் தீர்ந்துபோகும் சரக்கு சிரிப்புதான். அது தீர்வதற்குள் ஆளை மாற்றிவிடும் ஏற்பாட்டைத்தான் கம்பெனி செய்துகொண்டது.

அதற்காக ஆள் கிடைக்காமலும் இல்லை. பன்னிரண்டு இடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன.

சாலையில்

தேர்வானவர்களுக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் இரண்டு வாரப் பயிற்சி. 'ஹாட் டாக் ஹை' என்று பள்ளிக்கூடம் மாதிரி பெயர். கம்பெனியின் வரலாறு, நிருபர்களிடம் பேசுவது எப்படி, சாசேஜை வைத்துச் சிலேடை அடிப்பது எப்படி எல்லாம் அங்கே பாடம். முக்கியமான பாடம் ஓட்டுவது. பின்னால் பார்க்க வழக்கமான கண்ணாடி உதவாது, முனையும் வாலும் எங்கே முடிகின்றன என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. கனரக வாகன உரிமம் கட்டாயமில்லை, சாதாரண கார் உரிமம் போதும். அதாவது நேற்றுவரை சின்னக் கார் ஓட்டிய ஒருவர், பயிற்சி முடிந்த கையோடு இதை நெடுஞ்சாலையில் இறக்குகிறார்.

பிறகு ஆறு வண்டியும் ஆறு வட்டாரத்துக்குப் பிரிந்து போகும். பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஊர். வாரத்தின் தொடக்கத்தில் பயணம், நடுவில் ஓய்வு, கடைசி நாட்களில் நிகழ்ச்சி. சூப்பர்மார்க்கெட் வாசல், ஊர்த் திருவிழா, அணிவகுப்பு, ராணுவ முகாம், விளையாட்டுப் போட்டி என்று எங்கு அழைப்பு இருக்கிறதோ அங்கே. பாதி ஆண்டில் ஜோடியையும் வட்டாரத்தையும் மாற்றிவிடுவார்கள். இது மிக நுட்பமான ஏற்பாடு என்பேன். ஒரே வண்டியில் ஒரே ஆளோடு பன்னிரண்டு மாதம் என்றால் எவ்வளவு நெருங்கிய நண்பர்களும் முறைத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டாவது ஓட்டிவிடலாம்.

வேலை என்னவென்று கேட்டால் வெளியார் பலர் ஹாட் டாக் விற்பது என்று நினைக்கிறார்கள். வண்டியில் ஹாட் டாக்கே கிடையாது. பிள்ளைகளுக்குக் கொடுப்பது சாசேஜ் வடிவ விசில், 1950களிலிருந்து வரும் வழக்கம் அது. அப்புறம் போட்டோ, வண்டியின் உள்ளே ஒரு சுற்று. இதற்கு வெளியே கண்ணில் படாத பாதி வேலை இருக்கிறது. அடுத்த ஊரின் டிவி நிலையத்துக்கும் பத்திரிகைக்கும் முன்கூட்டியே போன் போட்டு, இன்ன தேதிக்கு வருகிறோம், காலை நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் கொடுக்கிறீர்களா என்று கேட்பதும் இந்த இருவர்தான். டிவியால் ஒழிந்த வண்டி, டிவியில் இலவசமாக இடம் பிடிக்கத்தான் திரும்பி வந்தது. ஒரு விளம்பரத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை உள்ளூர்ச் செய்தியாசிரியர் ஒருவரின் ஆர்வம் மிச்சப்படுத்துகிறது. ஓட்டுநர், நிகழ்ச்சி நடத்துநர், மக்கள் தொடர்பாளர், போட்டோகிராஃபர் என்று நான்கு பேர் வேலை இரண்டு பேர் தலையில்.

ஓய்வு நாளில்தான் இந்த வாழ்க்கையின் உண்மையான எடை தெரியும். அந்த இருவரிடம் வேறு கார் இல்லை. துணி துவைக்கவும், சோப்பு வாங்கவும், சினிமாவுக்கும் வீனர்மொபைலில்தான் போக வேண்டும். போய் நிறுத்தினால், சும்மா சோப்பு வாங்க வந்தேன் என்று யாரிடம் சொல்வது? பெட்ரோல் போட நின்றால்கூட நாலு பேர் வந்து கதை கேட்பார்கள். தாத்தா ஒருவர் தன் சின்ன வயதில் லிட்டில் ஆஸ்கரைப் பார்த்ததைச் சொல்வார். அவருக்கு அது வாழ்நாளில் ஒரு முறை வரும் சந்தர்ப்பம், கேட்கிறவருக்கு அன்று அது எத்தனையாவது தாத்தாவோ. ஆனாலும் முகம் வாடக் கூடாது. சீருடையைக் கழற்றலாம், 27 அடி சாசேஜை எங்கே கழற்றி வைப்பது? ஊர் சுற்றும் மற்ற விற்பனைப் பிரதிநிதிகளுக்கு லாட்ஜ் வாசலோடு வேலை முடிகிறது. இவர்களுக்கு லாட்ஜ் வாசலில் வண்டி நிற்கிறவரை முடிவதில்லை.

சம்பளம்? 2020களின் முற்பகுதியில் வந்த வேலை அறிவிப்பில் ஆண்டுக்கு 35,600 டாலர், சாப்பாட்டுக்கும் சொந்தப் பயணத்துக்கும் வாரம் 150 டாலர் பேட்டா, மருத்துவக் காப்பீடு, உடை, தங்குமிடம் என்று இருந்தது. வீட்டு வாடகை இல்லாததால் மிச்சம் பிடிக்க முடியும். செய்கிற வேலையை எண்ணிப் பார்த்தால் பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். மீதியை அனுபவமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்மைதான், மக்கள் தொடர்பு, மார்க்கெட்டிங் பக்கம் வேலை தேடும்போது எல்லா நேர்காணலிலும் முதல் கேள்வி இதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எங்கே இடிக்கிறது

2009 ஜூலையில் விஸ்கான்சினில் ரசீன் நகருக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு முகப்பில் வண்டியைத் திருப்ப முயன்றபோது பின்னால் போக வேண்டிய வண்டி முன்னால் பாய்ந்து வீட்டில் முட்டியது. 2015 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் ஈனோலாவில், பனிச் சாலையில் சறுக்கிக் கம்பத்தில் மோதி முன்கண்ணாடி நொறுங்கியது. 2020இன் தொடக்கத்தில் விஸ்கான்சினிலேயே, சாலையோரம் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும் வாகனத்துக்குத் தடம் விலகி வழிவிடவில்லை என்று போலீஸ் நிறுத்தி எச்சரித்து அனுப்பியது. 2024 ஜூலை 22 அன்று சிகாகோவுக்கு வெளியே ஓக் ப்ரூக் அருகே நெடுஞ்சாலையில் ஒரு காரில் இடித்து, நிலைதடுமாறிப் பக்கவாட்டில் கவிழ்ந்தது. அதிர்ஷ்டவசமாக யாருக்கும் காயமில்லை.

ஒவ்வொன்றும் நாடு முழுக்கச் சிரிப்புச் செய்தியாக ஓடியது. தலைப்பு வைத்தவர்களுக்குச் சிலேடைக்குப் பஞ்சமே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டுவதும் சிரிக்க வைப்பதும் ஒரே ஆளின் வேலை என்று ஆக்கினால், ஓட்டுவதற்கு வரும்போது அவர் ஏற்கெனவே களைத்திருப்பார். இந்த விபத்துகள் களைப்பால் நேர்ந்தன என்று நான் சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் பழகிய ஓட்டுநர் என்பவரே திட்டத்தில் இல்லை என்பது கண்முன் தெரிகிறது. ஓர் ஆண்டு ஓட்டிப் பழகி, கை படிந்த பிறகு சாவியை வாங்கிவிட்டுப் புது ஆளிடம் கொடுக்கிறார்கள். சிரிப்புக்கு நல்லதாக இருந்த கெடு ஸ்டியரிங்குக்கு நல்லதல்ல.

வேறு வகைத் தொல்லைகளும் உண்டு. 2023 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் ஹோட்டல் வாசலில் இரவு நின்ற வண்டியின் கேடலிட்டிக் கன்வெர்ட்டரை, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் பாகத்தை, அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் நிகழ்ச்சிக்குக் கிளம்பினால் வண்டி எழும்பவில்லை. உள்ளூர்ப் பட்டறை ஒன்று தற்காலிகமாக ஒன்றைப் பொருத்தி அனுப்பிவைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நிர்வாகம் வண்டியின் பெயரையே ஃபிராங்க்மொபைல் என்று மாற்றியது, செப்டம்பரில் பழைய பெயருக்கே திரும்பியது. அந்த நாலு மாதமும் ஊர் ஊராக "ஏன் மாத்தினீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னது சிகாகோ அலுவலகம் இல்லை, சாலையில் நின்ற பன்னிரண்டு பேர்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மாடிசனில் 1919 முதல் ஆஸ்கர் மேயரின் தொழிற்சாலை ஓடியது, ஊரே அதை நம்பி வளர்ந்தது. கிராஃப்ட் ஹைன்ஸ் இணைப்புக்குப் பிறகு 2015இல் மூடல் அறிவிப்பு வந்தது, 2017இல் கதவு சாத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாசேஜ் செய்தவர்களுக்கு அந்த ஊரில் வேலை இல்லை, சாசேஜ் வண்டியைக் காட்டும் வேலை மட்டும் தொடர்ந்தது. செய்வதைவிடக் காட்டுவதற்கு மதிப்பு என்று ஒரு கம்பெனி முடிவு கட்டினால் அது இப்படித்தான் தெரியும்.

எனக்குப் படுவது

2025 மே 23 அன்று இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலில், அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பெரிய கார் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆறு வீனர்மொபைல்களையும் ஒன்றோடொன்று ஓடவிட்டார்கள். தென்கிழக்கு வட்டார வண்டி ஜெயித்தது. கூட்டம் அலைமோதியது, இணையமெங்கும் அதுதான் பேச்சு. ஓட்டியவர்கள் ஹாட்டாகர்களே. வேலை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தபோது அவர்களுக்குக் கிடைத்த மேடை அது.

ஓராண்டுக் கெடுவை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ராபேயும் மோல்ச்சனும் கழித்த முப்பதாண்டு வாழ்க்கையை மறுபடி யார்மேலும் ஏற்ற வேண்டியதில்லை. எந்தத் தேதியில் வீட்டுக்குப் போவோம் என்று தெரிந்தால்தான் சோப்பு வாங்கப் போன இடத்தில் தாத்தாவின் கதையைப் பொறுமையாகக் கேட்க முடியும். மாற்ற வேண்டியது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஆறு இருக்கைகள் உள்ள வண்டியில் மூன்றாவதாக ஓர் ஆள், கெடு இல்லாத நிரந்தர ஓட்டுநர், ஹாட்டாகர் சீருடை போடாதவர், யாரிடமும் சிலேடை பேச வேண்டிய கட்டாயம் இல்லாதவர். ஆறு வண்டிக்கு ஆறு சம்பளம். கம்பெனி இதைச் செய்யுமா என்றால் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். இளைஞர் இருவரே ஓட்டி வருகிறார்கள் என்பதும் உள்ளூர் டிவிக்குச் சொல்லும் கதையில் ஒரு பகுதி, அதை விட்டுக்கொடுக்க மார்க்கெட்டிங் பிரிவுக்கு மனம் வராது. குறைந்தபட்சம் அந்த இருவருக்கும் ஓய்வு நாளில் ஒரு சாதாரண வாடகைக் காராவது எடுத்துக் கொடுக்கலாம்.